பரிசுத் தொகையோடு செய்தியை முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஸ்டீஃபன் ஹாசருக்கு 2025ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசு கிடைத்ததைப் பற்றி உங்கள் நாளிதழில் நாலைந்து வரி வந்திருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக 30 லட்சம் டாலர், ஹார்வர்டைச் சேர்ந்த அல்பெர்ட்டோ அஷேரியோவுடன் பகிர்ந்துகொள்கிறார், அவ்வளவுதான் செய்தி. தொகையைப் போட்டீர்கள், சரி. அந்த மனிதர் என்ன செய்தார், அது நம் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் போடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் நீடாமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தங்கைக்கு இந்த நோய் இருக்கிறது. ஹாசர் பல வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு யோசனையால்தான் அவள் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் மருத்துவப் பக்கத்துக்கு எழுதுகிறவர்களிடமாவது கொடுங்கள்.

எம்.எஸ். என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. மூளை, முதுகுத்தண்டு, பார்வை நரம்பு இவற்றில் ஓடும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிற மாதிரி. நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தியே அதை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு அங்கங்கே அழித்துவிடுகிறது. எந்த இடத்தில் உறை போகிறதோ அதற்குத் தக்கபடி கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாது, ஒரு வேலையும் செய்யாமலே உடம்பு ஓய்ந்து போகும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆரம்பத்தில் சில வாரங்களில் தானாகவே சரியாகியும் விடும். அதுதான் இதில் ஆபத்தே, சரியாகிவிட்டது என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், உள்ளே தழும்பு மட்டும் நின்றுவிடுகிறது. 1868இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். நோயின் போக்கையே மாற்றுகிற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல். நடுவில் 125 வருஷம்.

என் தங்கைக்கு முதலில் வந்தது கண்ணில். வலது கண்ணை அசைத்தால் வலி, இரண்டு நாளில் பார்வை மங்கல். கொல்லையில் நிற்கிற செம்பருத்தியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், அப்புறம் அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்த்தாள், "இந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்த மாதிரி தெரியுதுண்ணே" என்றாள். சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்கு மட்டும் மங்குவது பார்வை நரம்பு அழற்சியின் முக்கியமான அடையாளம், நரம்பியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளைப் பார்த்த இடத்தில் கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண் தானாகத் தெளிந்தது. அடுத்த வருஷம் கால். தெருவில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கும், அது தெரியாமல் திண்ணை வரைக்கும் வந்துவிடுவாள், பின்னால் வருகிற யாராவது எடுத்துக்கொண்டு வந்து தருவார்கள். நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு மருத்துவரே சொன்னார். குலதெய்வத்துக்கும் போனோம், வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் போனோம், அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. கண்ணையும் காலையும் சேர்த்துப் பார்த்து ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் மனசை அறுக்கிறது. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஸ்கேனையும் முதுகுத்தண்டு நீரையும் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்.

இனி ஹாசரைப் பற்றி. அவர் ஹார்வர்டில் மருத்துவம் முடித்தது 1975இல். நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, 1970களின் கடைசியில், ஒரு இளம் பெண் வழக்கறிஞருக்குச் சிகிச்சை பார்க்க வேண்டி வந்தது. வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண். நோய் அவரை எப்படித் தாக்கியது என்றால், பேச்சு போயிற்று, விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு விடவே துணை வேண்டியதாகிவிட்டது. மருத்துவர் கையில் கொடுக்க உருப்படியான மருந்து ஒன்றும் இல்லை. இந்த நோய்தான் இனி தன் வேலை என்று அப்போது தீர்மானித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் நோய் எதிர்ப்பியல் பயின்றார். 1983இல் சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தை வைத்து எதிர்ப்புச் சக்தியை ஒட்டுமொத்தமாக அடக்கிப் பார்த்த ஆய்வு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் பெயரை முதலாகக் கொண்டு வந்தது. 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் நரம்பியல் துறைத் தலைவரானார், அப்புறமும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்துவருகிறார்.

அந்தக் காலத்தில் எம்.எஸ்.ஸுக்குக் காரணம் டி செல் என்கிற வெள்ளை அணுதான் என்று துறையே முடிவு கட்டிவிட்டது. எலிக்கு டி செல்லை ஏற்றினால் அதே மாதிரி ஒரு நோய் வந்தது, அதை வைத்தே எல்லா ஆராய்ச்சியும் நடந்தது. ஹாசருக்கு அந்த எலி நோய் திருப்தியாக இல்லை. அழற்சி இருந்தது, ஆனால் இறந்த நோயாளிகளின் மூளையில் காண்கிற மாதிரி மயலின் உரிந்துபோகவில்லை. அதனால் 1990களில் கிளாட் ஜெனேன் என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து மார்மோசெட் என்ற சின்னக் குரங்கை எடுத்துக்கொண்டு பார்த்தார். டி செல் மட்டும் இருந்தால் போதவில்லை, மயலினைத் தாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமும் சேர்ந்தபோதுதான் மனித நோயைப் போலவே உறை உரிந்தது. ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது? பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் வம்சத்திலிருந்து. அப்படியென்றால் பி செல்லை ஒழித்தால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி.

பி செல்லை ஒழிக்கிற மருந்து அப்போது கைவசம் இருந்தது. ரிடக்சிமேப். 1997இல் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அதை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஹாசர் அரசின் தேசிய சுகாதார நிறுவனத்திடம் நிதி கேட்டார். உயிரியல்படி இது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவரும் விடவில்லை, அந்த மருந்தைத் தயாரித்த ஜெனன்டெக் கம்பெனியைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். நான் இதைப் படித்தபோது ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அவர் சரி போகட்டும் என்று வேறு வேலை பார்க்கப் போயிருந்தால் என் தங்கை இப்போது எந்த நிலையில் இருப்பாள் என்று.

104 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கு மூளை ஸ்கேனில் ஒளிரும் அழற்சிப் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்திருந்தன. 24 வாரத்துக்குள் நோய் மறுபடி தாக்கியது மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேரை, வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 34.3 சதவீதம் பேரை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆன்டிபாடியை உற்பத்தி செய்யும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களை ரிடக்சிமேப் தொடுவதே இல்லை, அதனால் ஆன்டிபாடி அளவு பெரிதாக இறங்காது. ஆனாலும் சில வாரங்களிலேயே மூளையில் அழற்சி அடங்கிவிட்டது. அப்படியானால் பி செல் ஆன்டிபாடி வழியாக மட்டும் கெடுதல் செய்யவில்லை, டி செல்லைத் தூண்டிவிடுகிற வேலையையும் அதுதான் பார்க்கிறது என்று தெரிந்தது. ஹாசர் எந்தக் காரணத்தை நினைத்துப் போனாரோ அது பாதிதான் சரி, மருந்து முழுசாக வேலை செய்தது. அதை அவர் மறைக்கவில்லை, புதிய விளக்கத்தைத் தேடிப் போனார், அவரோடு உலகமெல்லாம் இருந்த ஆராய்ச்சியாளர்களும் பி செல் பக்கம் திரும்பினார்கள்.

அப்புறம் மனிதப் புரதத்துக்கு இன்னும் நெருக்கமாக வடிவமைத்த ஓக்ரிலிசுமேப் வந்தது. அதுவரை வழக்கத்தில் இருந்த இன்டர்ஃபெரான் என்ற மருந்தோடு ஒப்பிட்டதில் ஆண்டுக்கு நோய் தாக்கும் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடக்கத்திலிருந்தே நிற்காமல் மோசமாகிக்கொண்டே போகிற வகை ஒன்று இருக்கிறது, அதற்கு அதுவரை எந்த மருந்தும் கேட்டதில்லை, அதிலும் ஊனம் அதிகரிக்கும் அபாயம் 24 சதவீதம் குறைந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு வகைக்கும் அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றினால் போதும்.

மரபணு ஆராய்ச்சியிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, 2007இல் எம்.எஸ்.ஸோடு தொடர்புடைய புதிய மரபணுக்களைக் கண்டுபிடித்த பன்னாட்டுக் குழுவில் அவர் முக்கியமானவர். நம் மருத்துவ மாணவர்கள் மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்களே ஹாரிசன் மருத்துவப் பாடநூல், அதன் ஆசிரியர்களில் ஒருவரும் இவர்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் வகுப்புக்குப் படிக்கிற பிள்ளைக்கும் ஹாசர் எங்கோ இருக்கிற ஆள் இல்லை. அவரோடு பரிசு பெற்ற அஷேரியோ வேறு வழியில் வந்து இதே வாசலில் நின்றவர். அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைப் பார்த்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் காட்டினார். அந்த வைரஸ் ஆயுசு முழுக்கக் குடியிருப்பது எங்கே தெரியுமா, பி செல்லுக்குள்ளே.

சரி, இதெல்லாம் எப்படிக் காவிரிக் கரைக்கு வந்தது? மருந்து விற்கிறவன் என்கிற முறையில் இதை நான் சொல்லியாக வேண்டும். ஓக்ரிலிசுமேப் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது, நஞ்சை இருந்தால் விற்றுத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். ஆனால் ஹாசர் முதலில் கையில் எடுத்த ரிடக்சிமேப் அப்படியில்லை. 2007லேயே ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி அதன் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது, அப்புறம் வேறு கம்பெனிகளும் வந்தன, விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு என்று அதன் அட்டையில் எழுதியிருக்காது, ஆனால் சுவீடன் நாட்டில் மருத்துவர்கள் பல வருஷமாக அதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அங்கே நடந்த ஒரு ஆய்வு 2022இல் வெளியானது, இரண்டு வருஷத்தில் நோய் மறுபடி தாக்கியது ரிடக்சிமேப் பெற்றவர்களில் 3 சதவீதம், டைமெதில் ஃபியூமரேட் என்ற மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதல் முறையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தபோது எடுத்த மூன்றில் ரிடக்சிமேப்பும் ஒன்று. என் தங்கைக்கு ஏற்றுவதும் இதுதான். முதலில் ஒவ்வாமை வராமல் இருக்க ஒரு ஊசி, காய்ச்சல் மாத்திரை, அப்புறம் பாட்டில் மெதுவாகச் சொட்டும், நர்ஸம்மா வந்து வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போவார், பொழுது சாய்கிறபோது எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள். அழிந்துபோன நரம்பு திரும்ப வரவில்லை, இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் மருந்து ஆரம்பித்த பிறகு புதிதாக ஒன்றும் போகவில்லை.

இதில் கவனமும் வேண்டும், அதையும் எழுதுங்கள். பி செல்லை ஒழிப்பது என்றால் கிருமிகளை எதிர்க்கும் சக்தியில் ஒரு பகுதியை ஒழிப்பது. ஹெபடைடிஸ் பி, காசநோய் பரிசோதனை செய்யாமல் ஏற்றக்கூடாது, தடுப்பூசிகளை முன்னாடியே போட்டுவிட வேண்டும். எம்.எஸ். மாதிரியே கண்ணையும் முதுகுத்தண்டையும் தாக்குகிற நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் நம் நாட்டில் இருக்கிறது, 2004இல்தான் அதற்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். அந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் மோசமாகும், ரிடக்சிமேப் கொடுத்தால் கேட்கும். எது எம்.எஸ்., எது அது என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை நம் மாவட்டங்களிலேயே கிடைத்தாக வேண்டும்.

இன்னொன்று, வெயில். உடம்பு சூடானால் எம்.எஸ். நோயாளிக்குப் பழைய தொந்தரவுகள் தற்காலிகமாகக் கிளம்பும், 1890லேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதி வைத்தார். அக்கினி நட்சத்திரத்தில் என் தங்கைக்குக் கண் மங்கும், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தெளியும். வீட்டில் உட்கார வசதி இருக்கிறவளுக்கு இது. குறுவை நடவில் சேற்றில் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு இப்படி வந்தால் வெயில் மயக்கம் என்று நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்து மறுநாளும் நடவுக்குக் கூப்பிடுவார்கள், அவள் எத்தனை முறை அப்படி உட்கார்ந்தாள் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அரசுக்கு உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்களும் இவற்றுக்கு வருகிறார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ரிடக்சிமேப் இருக்கிறது, ஆனால் புற்றுநோய் மருந்தாக. எம்.எஸ்.ஸுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதி, இந்த மூன்று இடங்களிலும் எப்போதும் இருப்பு வைக்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை காப்பீட்டில், நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தமில்லை என்று தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மருத்துவர் கடிதம் கொடுத்தும் நடக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகையில் எம்.எஸ்.ஸும் ஒன்று, அது அட்டை கொடுக்கிற மேஜையில் இருப்பவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. நடந்துதானே வருகிறீர்கள், உங்களுக்கு என்ன என்று கேட்கிறார்கள். காலையில் நடந்து வருகிறவளால் சாயங்காலம் எழுந்து நிற்க முடியாமல் போகும் நோய் இது.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை இந்த ஆராய்ச்சி பற்றிச் செய்தி வந்தால் பரிசுத் தொகைக்குப் பக்கத்தில் இதையும் போடுங்கள்: இளவயதில் ஒரு கண் வலித்து மங்கினால், சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், கைகாலோ உடம்பில் ஒரு பக்கமோ ஒரு நாளுக்கு மேல் மரத்துக் கிடந்தால், அது தானாகச் சரியானாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நிருபரை ஒரு நாள் தஞ்சாவூரில் நரம்பியல் புறநோயாளிப் பிரிவு வாசலில் உட்காரச் சொல்லுங்கள், எத்தனை வருஷம் அலைந்துவிட்டு அங்கே வந்து சேர்கிறார்கள் என்று கேட்டு எழுதட்டும்.

என் கடைக்குச் சத்து ஊசிச் சீட்டோடு இளம்பெண்கள் யாராவது வந்தால், முன்னால் எப்போதாவது கண் மங்கியதா அம்மா என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுக்கிறேன். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், அதை மறுக்கவில்லை, ரத்தத்தில் பார்த்துவிட்டுப் போடட்டும். நான் கேட்பது நீடாமங்கலம் கடைத்தெருவோடு நின்றுவிடும், நீங்கள் கேட்டால் நாலு மாவட்டத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் மருந்துக்கடைக்காரர்
(தங்கையின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)